பதினாலாம் கூண்டுக்கு ஒரு கையெழுத்து

கனகவல்லி ஜெயித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடலாம். ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பிரசவம் பார்த்த நர்ஸம்மா பஞ்சில் சுற்றிக் கொடுத்து, பேர் வைக்க அவசரப்பட வேண்டாம் என்றார். பிழைத்தாள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து ஆறு பேருக்குச் சோறு வடித்தாள். படிப்பு போயிற்று, வீடு கலையவில்லை. இருபத்தாறு வயதில் புருஷன் போனான். அரக்கோணத்தில் மாமியார் வீட்டார் மூலையில் உட்காரச் சொன்னார்கள். கலியாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி, தெலுங்கும் உருதுவும் புழங்கும் மௌலா அலியில் அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். முப்பத்திரண்டு வயதில் சைக்கிள் கற்றாள். ரயில்வே காலனியே வேலியோரம் நின்று சிரித்தது, மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கத்துத் தொழிற்சாலை கேன்டீனுக்கு ஆள் எடுத்தபோது, படித்த பெண்கள் பதினோரு பேருக்கு நடுவில் நின்று வேலை வாங்கினாள். மூன்று ஆண்களைக் கடித்த நாய் ஒன்று அவள் கையிலிருந்து ரொட்டி தின்றது. நாய்க் காப்பகத்தில் எழுதி வைத்திருந்த ஒரு விதியை மாற்ற வைத்தாள். கடைசியாக, ஒரு கையெழுத்து. அதை ஜெயித்த கணக்கில் சேர்த்தால் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்தக் கதை அதைப் பற்றியதுதான்.

காப்பகத்தை அக்கம்பக்கத்தில் நாய் பங்களா என்பார்கள். மௌலா அலி மலைக்குப் பின்புறம், ரயில்வே சுவர் முடியும் இடத்தில், ஓடு வேய்ந்த பழைய கிடங்கு. உள்ளே இரு வரிசையாக இருபது கூண்டுகள். அதை நடத்தியவர் லலிதாம்பாள். பொதுத்துறை அதிகாரி ஒருவரின் மனைவி, அதிகம் சிரிக்காதவர், நாய்களிடம் மட்டும் குரல் இளகும். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டவர் ரிட்டயரான குமாஸ்தா சுந்தரேசன். கூண்டு கழுவிச் சோறு போட்டவர் ஆம்பூரிலிருந்து வந்த அப்துல் ரஹீம்.

கனகவல்லி அங்கே முதலில் போனது 1979-இல், காலனி நாய் ஒன்றை முனிசிபாலிடி வண்டி பிடித்துப்போனபோது. தேடிவந்த நாய் கிடைத்தது. ஆனால் மற்ற பத்தொன்பது கூண்டுகளிலிருந்தும் தன்னைப் பார்த்த கண்களை அவளால் அங்கேயே விட்டுவர முடியவில்லை.

"இதுங்கல்லாம் இன்னா ஆவும்?" என்று ரஹீமைக் கேட்டாள்.

"பதினாலு நாளு வெச்சிருப்போங்க்கா. யாராச்சும் கேட்டு வந்தா குடுப்போம். இல்லேன்னா திங்கக்கிழமை டாக்டர் வருவாரு. ஊசி."

"யாரும் வரலேன்னா?"

"அதாங்க்கா சொல்றேன். ஊசி."

ஒரு வழி இருந்தது. எந்த நாயையாவது ஒருவர் தவறாமல் நடத்திக் கூட்டிப்போனால், அந்த நாய்க்கு ஆள் இருப்பதாகக் கணக்கு. நடத்தியவர் வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, நடை நோட்டில் கூண்டு நம்பருக்கு நேராகக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வைத்தால் இன்னும் ஒரு வாரம். இன்னொரு நோட்டும் உண்டு, ஊசி நோட்டு. நாய் தேறாது, நோவில் கிடக்கிறது, விட்டுவிடலாம் என்று நடத்துகிறவரே நினைத்தால் அதில் வைப்பார். ஆள் இருக்கிற நாயை, அந்த ஆளின் அடையாளம் ஊசி நோட்டில் விழாமல் டாக்டர் தொடமாட்டார்.

சம்பளம் கிடையாது. புதனும் சனியும் காலை ஆறரைக்குப் போய், மூன்று நாலு நாய்களை ஒவ்வொன்றாக நடத்திவிட்டு, சைக்கிளை மிதித்து கேன்டீன் இரண்டாம் ஷிப்டுக்குப் போவாள்.

"ஊருல ஆடு மேய்ப்பாங்க, மாடு மேய்ப்பாங்க. உன் தங்கச்சி நாய் மேய்க்கிறா," என்பாள் அண்ணி நாகம்மா, அண்ணன் வேதாசலத்திடம். "ஹவ், ஆமா, பட்டணத்து உத்தியோகம் அது," என்பார் அவர். ஆனால் சனிக்கிழமை காலைகளில் தங்கையின் சைக்கிளுக்கு அவரே காற்றடித்து வைப்பார்.

1980 ஜூன் கடைசியில் பதினாலாம் கூண்டுக்கு ஒரு கருப்பு நாய் வந்தது. பின்னங்கால் ஒன்று நொண்டி. ரயில்வே ஒர்க்ஷாப்புப் பக்கம் எங்கோ படுத்துக் கிடந்ததால் உடம்பெல்லாம் கிரீஸ். ஒர்க்ஷாப்பில் பளு தூக்கும் ஆளுக்குக் கலாசி என்று பேர். கழுவினாலும் போகாத அந்தக் கருப்பைப் பார்த்து ரஹீம் நாயையும் கலாசி என்றார். கனகவல்லியின் புருஷனும் கலாசியாக இருந்தவன்தான். அவளும் அப்படியே கூப்பிட்டாள். பேர் நின்றுவிட்டது.

நொண்டி நாயை யார் கேட்டு வருவார்கள்? கனகவல்லிதான் அதற்கு ஆள். இடது பக்கமாக, அவள் முழங்காலில் உடம்பு உரசும்படி நடக்கும். மூன்று கால் தட்டும், நாலாவது சத்தம் வராது. மலையடியில் ஆமை முதுகு போல ஒரு பாறை உண்டு. அங்கே வந்ததும் உட்கார்ந்து மலையை நிமிர்ந்து பார்க்கும். எத்தனை இழுத்தாலும் வராது. "போலாமாடா?" என்று கேட்டால்தான் எழும். ஐம்பத்தொரு சனிக்கிழமை அவள் அதற்காக நடை நோட்டில் ரேகை வைத்தாள்.

ஐம்பத்திரண்டாவது சனிக்கிழமை, 1981 ஜூன் 20, நல்ல மழை. சுந்தரேசன் மகள் கலியாணத்துக்காக லீவு. லலிதாம்பாள் உள்ளே நாய்க்குட்டிகளுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். கலாசியை நடத்தி நனைந்து வந்த கனகவல்லி, ஓட்டிலிருந்து மேசைமேல் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். இரண்டு நோட்டையும் வாரி எடுத்து முந்தானையில் ஒற்றினாள், மேசையைத் துடைத்தாள், திருப்பி வைத்தாள். இரண்டுக்கும் சுந்தரேசன் ஒரே பழுப்புக் காகிதத்தில்தான் அட்டை போட்டிருந்தார். வலது பக்கம் இருப்பது நடை நோட்டு, இடது பக்கம் ஊசி நோட்டு: இரண்டு வருஷமாக அவளுக்கு அடையாளம் அதுதான். எழுத்து தெரியாது, பஸ் நம்பரும் கேன்டீன் டோக்கனும் பழக்கியதால் எண்கள் தெரியும். வலது பக்க நோட்டைத் திறந்தாள். 14 இருந்தது. மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தோய்த்து, அழுத்தி வைத்தாள். ஈரக்கையாக இருந்தும் ரேகை சுத்தமாக விழுந்தது என்று சந்தோஷப்பட்டாள்.

புதன்கிழமை வந்தபோது பதினாலாம் கூண்டு கழுவி, கதவு திறந்து கிடந்தது.

"கலாசி எங்க?"

ரஹீம் வாளியைக் கீழே வைத்தார். "இன்னாக்கா கேக்குறீங்க? நீங்கதானே வெச்சீங்க. திங்கக்கிழமை டாக்டர் பாத்தாரு. உங்க ரேகைதான்னு அம்மாவும் சொன்னாங்க."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. மேசை, மழை, முந்தானை, வலது பக்கம். திருப்பி வைத்தபோது இரண்டு நோட்டும் இடம் மாறியிருக்கிறது. அதற்குள் லலிதாம்பாள் வந்து அவள் தோளில் கை வைத்தார். அவர் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் அல்ல.

"நீ பண்ணினது சரிதான் கனகவல்லி. அந்தக் காலை வெச்சுண்டு மழைக்காலத்துல ரொம்ப அவஸ்தைப்பட்டிருக்கும். எனக்கே மனசு வரல. உனக்குத் தைரியம் இருந்தது."

அப்போதே சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா," என்றுதான் வாய் சொன்னது.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்றைக்கு வேறொரு நாயை நடத்திப் போனாள். வந்து நாலே நாளான செவலைக் குட்டி, கலாசியை முகர்ந்து பார்த்ததுகூட இல்லை. ஆமைப் பாறைக்கு வந்ததும் உட்கார்ந்தது. மலையை நிமிர்ந்து பார்த்தது. கனகவல்லி சுற்றிலும் பார்த்தாள். கயிற்றை இழுத்தாள், வரவில்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. "போலாமாடா?" என்றாள். எழுந்து வந்தது.

அடுத்த சனி வேறொரு நாய். அதுவும் அங்கேதான் உட்கார்ந்தது. வலது கையில் கயிறு இருக்கும். இடது முழங்காலில் ஏதோ உரசும். குனிந்து பார்த்தால் புடவைக் கரைதான். திரும்பும் வழியில், ரயில்வே சுவரோரம் ஆள் நடமாட்டம் குறையும் இடத்தில், அவள் காலடிக்கும் நாயின் காலடிக்கும் நடுவே மூன்று தட்டும் ஒரு வெறுமையும் கேட்கும். நின்றால் நிற்கும். அவள் நடந்தால் நடக்கும். துரத்தவில்லை, உறுமவில்லை. கூடவே வந்தது, அவ்வளவுதான். கோபமாக வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பின்னாளில் சொன்னாள். நான் விட்டுவிட்டேன் என்பது அதற்குத் தெரியாதது போல வந்ததாம்.

கட்டைவிரலில் மை போகவில்லை. மற்றவர்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. புளி போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள், தோல் உரிந்தது.

"விரலா அது, வெண்டைக்காயா? அந்தத் தேய் தேய்க்கறே," என்றாள் நாகம்மா.

"மை அண்ணி."

"எங்க மை? ஒண்ணுத்தையும் காணோமே!"

கனகவல்லி கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஜூலையிலிருந்து நடை நோட்டில் ரேகை வைப்பதை நிறுத்தினாள். நாய்களை நடத்துவாள், நோட்டுப் பக்கம் போகமாட்டாள். ரஹீம்தான் அவளுக்குப் பதில் பெருக்கல் குறி போட்டுவந்தார். ஆகஸ்ட் கடைசியில் லலிதாம்பாள் அதைப் பார்த்துவிட்டார்.

"யார் நடத்தறாளோ அவாதான் வெக்கணும். ஒன்பதாம் கூண்டுக்கு நீதானே?"

ஒன்பதாம் கூண்டில் சாம்பல் நிறப் பெட்டை நாய் ஒன்று; குட்டிகளெல்லாம் வீடு போய்விட, பால் வற்றாமல் தனியாகக் கிடந்தது.

"ஆமாம்மா."

"அப்போ நீ வை."

"ரேகை வேணாம்மா. இனிமே அது நக்கோ."

லலிதாம்பாளுக்குக் காரணம் விளங்கவில்லை. "கையெழுத்துப் போடத் தெரியுமா உனக்கு? தெரிஞ்சா போடு. இல்லேன்னா வழி இல்லை. அதுக்கு நாள் முடியறது செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. அன்னிக்குள்ள உன் அடையாளம் விழணும். விழலேன்னா திங்கக்கிழமை நான் டாக்டரைத் தடுக்க முடியாது."

கனகவல்லியால் கட்டைவிரலை மையில் தோய்க்க முடியாது. தோய்க்காவிட்டால் சாம்பல் நாயும் போய்விடும். கேட்டால் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே அண்ணன் இருந்தார். எட்டாவது வரை படித்தவர், ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், எழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஆனால் ஏன் இப்போது என்று கேட்பார். கேட்டால் கலாசியைச் சொல்ல வேண்டி வரும்.

அப்போதுதான் பித்தளைக் குடம் நினைவுக்கு வந்தது. சீர்ப்பாத்திரத்தில் பேர் வெட்டாமல் கொடுப்பார்களா? கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக எழுத்து இருந்தது. கடைசியில் 1962 என்று அவள் கலியாண வருஷம். அவளுடைய குடம், ஆகவே முதலில் இருப்பது அவள் பேராகத்தான் இருக்கும். அண்ணனின் டப்பாவிலிருந்து இரும்பில் கோடு போடும் சாக்கட்டி ஒன்றை எடுத்து, செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பின்கட்டு சிமென்ட் தரையில் எழுதிப் பழகினாள். விரலால் குடத்துப் புள்ளிகளைத் தடவுவாள், அதே வளைவைத் தரையில் போடுவாள், ஷிப்டுக்குக் கிளம்புமுன் தண்ணீர் ஊற்றி அழிப்பாள்.

பத்தாம் தேதி அவளுக்கு வார ஓய்வு. அழிக்க மறந்து கண் அயர்ந்துவிட்டாள். நாலரைக்கு ஷிப்டு முடிந்து வந்த வேதாசலம், கால் கழுவப் பின்கட்டுக்குப் போனவர் அப்படியே நின்றார். தரை முழுக்க அவருடைய பேர். நாற்பது ஐம்பது தடவை, கோணலாக, பெரிதாக, சிறிதாக: வேதாசலம், வேதாசலம், வேதாசலம்.

"கனகா! இது யாரு எழுதனது?"

தூக்கம் கலைந்து ஓடிவந்தாள். "நாந்தாண்ணா."

"எதுக்கு?"

"என் பேரு எழுதிப் பழகறேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குடத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இது என் பேரும்மா. 'வேதாசலம் அன்பளிப்பு.' உன் பேரு அதுக்கு அந்தாண்ட இருக்குது, பாரு."

"பத்து நாளா உன் பேரையா எழுதிக்கினு இருந்தேன்?"

சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த நாகம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "புருஷன் பேர எழுதிப் பாக்கற பொண்ணுங்களப் பாத்திருக்கேன். அண்ணன் பேர அர்ச்சனை பண்ற தங்கச்சிய இப்பத்தான் பாக்கறேன்!"

கனகவல்லியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"அன்னிக்கும் இன்னா நோட்டுன்னு தெரியாமத்தாண்ணா வெச்சேன். இன்னிக்கும் யாரு பேருன்னு தெரியாமத்தான் எழுதியிருக்கேன். தெரியாம வெச்சே ஒரு உசுர முடிச்சுட்டேன்."

எல்லாம் சொன்னாள். மழை, முந்தானை, "ஆமாம்மா" என்ற சொல், ஆமைப் பாறை, சுவரோரம் கேட்கும் மூன்று தட்டு. நாகம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தோல் உரிந்த அந்தக் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் நாய் மேய்ப்பதைப் பற்றிக் கேலி பேசியதே இல்லை.

வேதாசலத்துக்கு ஆறுதல் சொல்ல வராது. தரையைக் கழுவி, துடைத்து, ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டார். நடுவில் க, ன, க, வ, ல், லி என்று இடம் விட்டு எழுதினார்.

"தப்பு நோட்டுல இருக்குது. அந்த நோட்டுக்கே போயி சொல்லு," என்றார். "இன்னும் ரெண்டு நாள் இருக்குது. எழுது."

எழுதினாள். ஐந்தாம் எழுத்தின் புள்ளியைத்தான் மறந்து மறந்து போனாள். குழம்பு கொதிக்கும்போதும் காற்றில் விரலால் அந்தப் புள்ளியைக் குத்தினாள்.

சனிக்கிழமை சாம்பல் நாயை நடத்திப் போனாள். ஆமைப் பாறையில் அது உட்கார்ந்தது. கனகவல்லியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலைமேல் தர்காவின் வெள்ளைச் சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இடது பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "நான் விடலடா," என்றாள். "நோட்டு மாறிப்போச்சு. இன்னிக்குப் போயி சொல்லிடறேன்." "போலாமா?" என்றாள். சாம்பல் நாய் எழுந்தது. சுவரோரம் மூன்று தட்டு காப்பகத்து வாசல் வரை கூட வந்தது.

மேசையில் சுந்தரேசன் இருந்தார், பக்கத்தில் லலிதாம்பாள். நடை நோட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்கள்.

"இது அப்புறம். ஊசி நோட்டு எடுங்க. ஜூன் மாசத்துப் பக்கம்."

"அது எதுக்கு இப்போ?" என்றார் சுந்தரேசன்.

"கலாசிக்கு நான் வெச்ச ரேகை அதுல இருக்குது. அது நான் தெரிஞ்சு வெச்சது இல்ல. நடை நோட்டுன்னு நெனச்சு வெச்சேன்."

லலிதாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லப் போகிறார் என்றே கனகவல்லி நினைத்தாள். ரஹீம் கூண்டு வரிசையிலேயே துடைப்பத்தோடு நின்றுவிட்டார்.

"மூணு மாசமா ஏண்டி சொல்லல?"

"நல்லது பண்ணேன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் வாய் வரல."

"இப்போ எழுதி என்ன ஆகப்போறது, கனகவல்லி? அது திரும்பி வரப்போறதா?"

"வராதும்மா. ஆனா நான் அத விட்டுட்டேன்னு அந்த நோட்டுப் பக்கம் சொல்லிக்கினே இருக்குதே. அது பொய்யி."

லலிதாம்பாள் தானே எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்தார். ஜூன் 20. கூண்டு 14. ஊதா ரேகை, ஒரு கோடுகூடக் கலையாமல். கனகவல்லி சொல்லச் சொல்ல சுந்தரேசன் அதற்குக் கீழே எழுதினார்: இது தவறுதலாக வைத்த ரேகை. இந்த நாயை நான் விடவில்லை.

"படிச்சுக் காட்டுங்க."

படித்தார்.

"இன்னொரு தரம்."

மறுபடி படித்தார். அன்றிலிருந்து அந்தக் காப்பகத்தில் விதி மாறியது: ஊசி நோட்டில் யார் எதை வைத்தாலும், அது என்ன நோட்டு, எந்த நாய் என்று இரண்டு பேர் முன்னால் உரக்கப் படித்த பிறகுதான். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. நாய்கள் இன்றைக்கும் ஆமைப் பாறையில் உட்காருகின்றன; அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டதா என்று வீட்டில் கேட்டால், ஓய வேண்டாம் என்கிறாள்.

சுந்தரேசன் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டு, சாக்கட்டியைப் பிடிப்பது போலவே இறுக்கிப் பிடித்து, ஆறு எழுத்தையும் எழுதினாள். ஐந்தாம் எழுத்தின் புள்ளியைக் கடைசியில், காகிதம் குழிய, வைத்தாள். பிறகு நடை நோட்டை இழுத்து ஒன்பதாம் கூண்டுக்கு நேராகவும் எழுதினாள். இரண்டிலும் ஒரே தேதி. ஆனால் முதலில் எழுதியது கலாசிக்கு: 1981 செப்டம்பர் 12, சனிக்கிழமை.